சிறு ஆலைகளின் கரியமில வாயு: பயணமும் பயணச் செலவும்

பெங்களூரு நகரின் வடமேற்கே பீன்யா தொழிற்பேட்டை உள்ளது. அங்கு ஆயிரக்கணக்கான சிறு ஆலைகள் இயங்குகின்றன. நகரின் வடக்கே ஜக்கூரில் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் உள்ளது. கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆய்வுக்கென மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-ஆம் ஆண்டில் அறிவித்த இரண்டு தேசிய உயராய்வு மையங்களுள் ஒன்று இங்கு அமைந்தது. மற்றொன்று மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்தது. ஆக, வாயுவை வெளிவிடும் ஆலைகளும் அதைப் பிடிக்கும் முறையை ஆராயும் கூடமும் ஒரே நகரில் இருக்கின்றன. ஆனால் பிடித்த வாயுவை எங்கே வைப்பது, அங்கே எவ்வாறு கொண்டு செல்வது என்னும் வினாவுக்கு இந்நகரில் இன்னும் விடை அமையவில்லை. அவ்வினாவையே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம்.

இது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய வினா அன்று. சிறுதொழில் நடத்துவோர், அத்தொழில்களுக்குப் பொருள் வழங்குவோர், அவற்றில் பணிபுரிவோர், அவற்றுக்குக் கடனாகச் செல்லும் பணத்தை வங்கியில் வைப்பாக வைத்திருப்போர் ஆகிய அனைவரின் வரவு செலவிலும் இதன் விடை ஒருநாள் இடம்பெறும்.

மூன்று கண்ணிகள்

கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, எரிபொருள் எரியும்போதும், சுண்ணாம்புக்கல் சுடப்படும்போதும், சர்க்கரைப் பொருள் நொதிக்கும்போதும் வெளிப்படுகிறது. அது காற்றில் கலக்காமல் தடுக்கும் பணி மூன்று கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. முதற்கண்ணி, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிரித்தெடுப்பது. இரண்டாவது, அதை எடுத்துச் செல்வது. மூன்றாவது, நிலத்தின் ஆழத்தில் நிலையாக இருத்துவது அல்லது வேறொரு பொருளாக மாற்றுவது.

முதற்கண்ணி நம் நாட்டில் புதியதன்று. தமிழ்நாட்டின் தூத்துக்குடியில், தூத்துக்குடி அல்கலி ரசாயன உர ஆலையின் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு 2016-இல் இயங்கத் தொடங்கியது. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் 2009-இல் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. அரசு மானியமின்றி அமைந்தது என்பதால் உலக அளவில் கவனம் பெற்றது. பிடிக்கப்பட்ட வாயு, அதே வளாகத்தில் சோடா உப்பு தயாரிக்க மூலப்பொருளாயிற்று.

இந்த எடுத்துக்காட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் கண்ணி அறவே இல்லை. வாயு பிறந்த இடமும் பயன்பட்ட இடமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. பயணத் தூரம் ஏறத்தாழ சுழியம். பயணச் செலவும் அவ்வாறே. இத்தகைய வாய்ப்பு எல்லா ஆலைகளுக்கும் அமைவதில்லை. பெரிய அனல்மின் நிலையமோ எஃகு ஆலையோ தனக்கென ஒரு குழாய்வழியை அமைத்துக்கொள்ளலாம். சிறு ஆலைக்கு அதுவும் இயலாது. ஆகவே சிறு ஆலையைப் பொறுத்தவரை, சங்கிலியின் நடுக்கண்ணியே வலுவற்ற கண்ணி.

சிறு ஆலை என்பது எவ்வளவு சிறிது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. கொதிகலனில் நாளொன்றுக்கு 1,000 லிட்டர் டீசல் எரிக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். அது நாள்தோறும் 2.7 டன் வாயுவை வெளிவிடுகிறது. ஆண்டுக்கு 300 வேலைநாள் எனில் 810 டன். பிடிக்கும் கருவி எதுவும் முழு அளவையும் பிடிப்பதில்லை என்றாலும், கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு முழு அளவையே கொள்வோம்.

நார்வே நாட்டின் பிரெவிக் நகரிலுள்ள சிமென்ட் ஆலையில் 2025 ஜூனில் திறக்கப்பட்ட பிடிப்பு நிலையம், ஆண்டுக்கு 4 லட்சம் டன் வாயுவைப் பிடிக்கும் திறனுடையது. நம் கணக்கிலுள்ள ஆலையைப் போன்ற ஏறத்தாழ 500 ஆலைகள் சேர்ந்தால்தான் அந்த ஒரே ஆலையின் அளவை எட்டும். ஐந்நூறு இடங்களில் சிறிது சிறிதாகப் பிறக்கும் வாயுவை ஒன்றுதிரட்டுவதே இங்குள்ள சிக்கல்.

வாயுவாகவே கொண்டு செல்ல இயலாதா?

இயலாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. சாதாரண வெப்ப அழுத்த நிலையில் ஒரு டன் கரியமில வாயு சுமார் 550 கன மீட்டர் இடத்தை அடைக்கும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீட்டர் உள்ள அறைகளாகக் கொண்டால், அது இருபது அறைகளை நிரப்பும். அதே ஒரு டன்னைத் திரவமாக்கினால் ஒரு கன மீட்டரில் அடங்கிவிடும்.

ஆயினும் இவ்வாயு, நீரைப் போல் எளிதில் திரவமாகி நிற்பதில்லை. திறந்த நிலையில் எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகாது. மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் அளவில் நேரே திடப்பொருளாகிவிடும். பனிக்கூழ் வண்டிகளில் புகை கிளம்பக் காணும் 'டிரை ஐஸ்' அதுவே. திரவமாக இருக்க வேண்டுமெனில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் குளிர்ச்சியும் சேர்ந்து வேண்டும். நடைமுறையில், மைனஸ் 20 டிகிரி அளவிலும் இருபது மடங்கு அழுத்தத்திலும், வெப்பம் புகாத இரட்டைச் சுவர்க் கொள்கலத்தில் வைத்து டேங்கர் லாரிகளில் எடுத்துச் செல்கின்றனர்.

இத்தொழில் ஏற்கெனவே நம்மிடையே நடைபெற்று வருகிறது. சோடா, குளிர்பானம், வெல்டிங், தீயணைப்புக் கருவி ஆகியவற்றுக்கு வேண்டிய வாயு இவ்வாறே ஊர் ஊராகச் செல்கிறது. அதற்குரிய கொள்கலன்களுக்கும் உருளைகளுக்கும் 2016-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலிய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றுக்கு உரிமம் வழங்குகிறது. எனவே வண்டியும் விதியும் நமக்குப் புதியவை அல்ல. அளவும் தூரமும் செலவை யார் ஏற்பது என்பதுமே புதியவை.

தூய்மையும் ஒரு நிபந்தனை. புகையில் ஈரம் கலந்திருந்தால் அது கரியமில அமிலமாகி இரும்புக் குழாயையும் கொள்கலனையும் அரிக்கும். ஆகவே வாயுவை உலர்த்தி, கந்தக, நைட்ரஜன் சேர்மங்களை நீக்கிய பின்னரே ஏற்ற வேண்டும். பத்து ஆலைகளின் வாயு ஒரே கொள்கலனில் சேருமாயின், ஓர் ஆலையின் மாசு ஒன்பது ஆலைகளின் சரக்கையும் கெடுக்கும்.

பெங்களூருக்கு அடியிலேயே புதைக்கலாகாதா?

கரியமில வாயுவை நிலத்தடியில் இருத்த, பொதுவாக 800 மீட்டருக்குக் கீழே நுண்துளைகள் நிறைந்த பாறை அடுக்கும், அதன்மேல் வாயு கசியாதபடி மூடிபோல் அமைந்த இறுகிய அடுக்கும் வேண்டும். அந்த ஆழத்தில் அழுத்தம் மிகுவதால் வாயு அடர்ந்து குறைந்த இடத்தில் அடங்கும். பெங்களூரின் நிலம் அத்தகையதன்று. லால்பாக் பூங்காவில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைக்குன்றைப் பலரும் கண்டிருப்பர். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைமையுடைய அப்பாறை, தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நகரின் அடியெங்கும் பரவியிருப்பது இவ்வகைக் கடினப்பாறையே. அதில் வாயுவை ஏற்கும் துளைகள் இல்லை.

பெங்களூரிலிருந்து நோக்கினால் இரு திசைகளில் வாய்ப்பு தெரிகிறது. ஒன்று கிழக்கே, தமிழ்நாட்டுக் கடலோரத்தில் உள்ள காவிரிப் படுகையின் படிவப் பாறைகள். நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெயும் எரிவாயுவும் பல லட்சம் ஆண்டுகள் கசியாமல் தங்கியிருந்தன என்பதே அப்பாறைகளின் மூடி உறுதியானது என்பதற்கு அறிகுறி. ஆனால் காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டமியற்றியுள்ளது. நெல்வயல்களின் நடுவே துளையிடும் எந்தத் திட்டத்தையும் அப்பகுதி மக்கள் எளிதில் ஏற்கமாட்டார்கள். ஆகவே நிலப்பகுதியைவிடக் கடலடியே பொருத்தமானது எனக் கருத இடமுண்டு.

மற்றொன்று வடக்கே, பெலகாவி, விஜயபுரா, கலபுரகி, பீதர் மாவட்டங்களில் பரவியுள்ள தக்காண எரிமலைப் பாறை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் கற்கள் அவை. இக்கற்களில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கரியமில வாயுவுடன் சேர்ந்து அதைக் கல்லாகவே மாற்றிவிடும். ஐஸ்லாந்தில் 2012-இல் இம்முறையைச் சோதித்த கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில், செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் கல்லாயிற்று என 2016-இல் வெளியான ஆய்வு கூறியது. கல்லான பொருள் கசிவதில்லை.

எனினும் ஐஸ்லாந்து முறையில், ஒரு டன் வாயுவைக் கரைத்துச் செலுத்த ஏறத்தாழ 25 டன் நீர் வேண்டும். மழை குறைந்த விஜயபுரா மாவட்டத்தில் அத்தனை நீருக்கு எங்கே செல்வது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வலூலா என்னுமிடத்தில் 2013-இல் ஏறத்தாழ 1,000 டன் வாயுவை நீரில் கரைக்காமலே பசால்ட்டில் செலுத்தினர்; அதுவும் கல்லாகத் தொடங்கியது. நம் நாட்டுக்கு இவ்வழியே ஏற்றதாகலாம். ஆனால் அளவு மிகச் சிறிது. மேலும் சோதனை வேண்டும்.

எத்திசையை நோக்கினாலும் தூரம் நீண்டதே. சென்னைக் கடற்கரை பெங்களூரிலிருந்து சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். விஜயபுரா 500 கிலோமீட்டருக்கு மேல்.

லாரிப் பயணத்தின் கணக்கு

முன்னர்க் கண்ட ஆலைக்கே திரும்புவோம். 20 டன் கொள்ளும் ஒரு டேங்கர் லாரி, பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் சென்று வெறும் வண்டியாகத் திரும்புவதாகக் கொள்வோம். மொத்தம் 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 3 கிலோமீட்டர் எனில் சுமார் 233 லிட்டர் டீசல் செலவாகும். அதனால் வெளிப்படும் கரியமில வாயு சுமார் 630 கிலோ. ஏற்றிச் சென்ற 20 டன்னில் இது 3 விழுக்காடே.

அடுத்து, திரவமாக்கும் மின்சாரம். ஒரு டன்னுக்கு 100 யூனிட் எனக் கொள்வோம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளிப்படுகிறது. 20 டன்னுக்கு 2,000 யூனிட். வெளிப்படுவது 1,400 கிலோ. இது 7 விழுக்காடு.

பலரும் லாரியின் புகையே பெரிது என எண்ணுவர். இக்கணக்கின்படி, குளிர்விக்கும் எந்திரத்தின் மின்சாரமே அதைப்போல் இரு மடங்குக்கு மேல் வருகிறது. சூரிய மின்சாரத்தைக் கொண்டு குளிர்வித்தால் இழப்பின் பெரும்பகுதி நீங்கும். ஆக, தூரத்தைக் கண்டு மட்டும் இத்திட்டத்தைத் தள்ளிவிடவும் வேண்டா. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வினவாமல் ஏற்கவும் வேண்டா.

இனிப் பணக்கணக்கு. டீசல் லிட்டர் 90 ரூபாய் எனக் கொண்டால், ஒரு நடைக்குச் சுமார் 21,000 ரூபாய். ஆண்டுக்கு 810 டன்னுக்கு ஏறத்தாழ 40 நடை. டீசலுக்கு மட்டும் 8.4 லட்சம் ரூபாய். ஓட்டுநர் ஊதியம், சுங்கம், வண்டித் தேய்மானம், பிடிக்கும் கருவி, திரவமாக்கும் எந்திரம், சேமிப்புக் கட்டணம் ஆகியவை இதற்கு மேல். இன்றைய நிலையில் இத்தொகையைத் தனியாகச் சுமக்கும் சிறு ஆலை அரிது. மேலும், 2.7 டன் வீதம் சேர்த்து ஒரு டேங்கரை நிரப்ப ஏழு நாளுக்கு மேலாகும்; அதுவரை வாயுவைக் குளிர்நிலையில் வைத்திருக்கும் செலவும் உண்டு.

ரயில் காட்டிய வழி

2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது பெங்களூரு மருத்துவமனைகள் ஆக்சிஜனுக்குத் தவித்ததை இந்நகர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாதம் 11-ஆம் நாள், கர்நாடகத்துக்கான முதல் ஆக்சிஜன் விரைவு ரயில் ஜாம்ஷெட்பூரின் டாடாநகரிலிருந்து வொயிட்ஃபீல்டு சரக்குப் பெட்டக முனையத்தை வந்தடைந்தது. ஆறு குளிர்க் கொள்கலன்களில் 120 டன் திரவ ஆக்சிஜன் வந்தது. திரவ ஆக்சிஜன், திரவக் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு குளிர்ந்தது, கையாள்வதற்குக் கடினமானது.

உயிர்காக்கும் வாயுவை ரயில் கொண்டுவர முடிந்ததெனில், வேண்டாத வாயுவை அதே முனையத்திலிருந்து கொண்டு செல்லவும் முடியும். நம் கணக்கிலுள்ள அளவுடைய 45 ஆலைகள் சேர்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 டன் வாயு திரளும். அதாவது, அன்று வந்த ரயிலைப் போன்ற ஒன்று தினமும் புறப்படலாம்.

வெளிநாடுகளில் இதற்கு முன்னோடிகள் உள்ளன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், உயிரி எரிவாயுவைத் தூய்மைப்படுத்தும்போது பிரிந்த கரியமில வாயுவை 2022-இல் கொள்கலன்களில் அடைத்து, ரயிலிலும் கப்பலிலும் ஐஸ்லாந்துக்கு அனுப்பிச் சோதித்தனர். ஒரு நகராட்சி நிலையம் போன்ற சிறு மூலத்திலிருந்தும் தொலைதூரச் சேமிப்பு இயலும் என்பதை அச்சோதனை காட்டியது.

நார்வேயின் 'நார்தர்ன் லைட்ஸ்' திட்டம் இன்னும் பெரியது. பல ஆலைகளின் திரவ வாயுவைக் கப்பலில் திரட்டி, ஓய்கார்டன் கரையிலுள்ள முனையத்தில் இறக்கி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாய்வழி, கடலடிக்குக் கீழே சுமார் 2,600 மீட்டர் ஆழத்தில் செலுத்துகின்றனர். முதன்முதல் வாயு செலுத்தப்பட்டது 2025 ஆகஸ்டில். முதற்கட்டக் கொள்ளளவு ஆண்டுக்கு 15 லட்சம் டன். அங்கே ஆலை தன் வாயுவைக் கப்பலில் ஏற்றிவிட்டால் போதும். கப்பலும் முனையமும் குழாயும் கிணறும் எல்லார்க்கும் பொது. ஆனால் முதற்கட்டச் செலவின் பெரும்பகுதியை நார்வே அரசே ஏற்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பால் கூட்டுறவு கற்பிக்கும் பாடம்

சிறிது சிறிதாகப் பிறக்கும் ஒரு திரவத்தை ஒன்றுதிரட்டுவது நமக்குத் தெரியாத கலை அன்று. கர்நாடகத்தின் நந்தினியும் தமிழ்நாட்டின் ஆவினும் அதைத்தான் செய்கின்றன. ஓரிரு மாடு வைத்திருப்பவர், தம் பாலைக் கிராமச் சங்கத்துக்குக் கொண்டு வருகிறார். அங்கே அளவும் கொழுப்பும் சோதிக்கப்படுகின்றன. பால் குளிரூட்டும் தொட்டியில் சேர்கிறது. டேங்கர் வந்து எடுத்துச் செல்கிறது. எந்த விவசாயியும் தனக்கென ஒரு டேங்கர் வாங்குவதில்லை.

கரியமில வாயுவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். தொழிற்பேட்டைக்கு ஒரு திரட்டு நிலையம். அருகிலுள்ள ஆலைகளிலிருந்து குறைந்த அழுத்தச் சிறு குழாய்கள். நுழைவாயிலில் தூய்மைச் சோதனையும் அளவு மீட்டரும். பொதுவான உலர்த்தும், திரவமாக்கும் எந்திரங்கள். அங்கிருந்து லாரி அல்லது ரயில். நிதி ஆயோக் 2022 நவம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையும், தொழிற்கொத்துகளை மையமாகக் கொண்ட பொதுக் கட்டமைப்பையே பரிந்துரைத்தது.

ஆனால் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பால் ஊற்றுபவருக்குப் பணம் கிடைக்கிறது. வாயுவைத் தருபவர் பணம் செலுத்த வேண்டியிருக்கிறது. அவ்வகையில் இது பாலைவிடச் சாயக் கழிவுநீரை ஒத்தது. அங்கேதான் நமக்கு இன்னொரு பாடம், கசப்பான பாடம், இருக்கிறது.

நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் கெட்டதைத் தொடர்ந்து, சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முன்னரே இருந்தன. ஆனால் ஒரு சொட்டுக் கழிவும் வெளிவிடாத நிலையை அவை எட்டியிருக்கவில்லை. வேலை இழந்தோர் ஊர் திரும்பினர். ஆர்டர்கள் பிற ஊர்களுக்குச் சென்றன. பின்னர்ப் பொது நிலையங்கள் மேம்படுத்தப்பட்டு, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. பொதுக் கட்டமைப்பு சட்டத்தைவிடப் பிந்தினால், விலை கொடுப்பவர் சிறுதொழிலாளர் என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்திய உண்மை.

பாதுகாப்பு

கரியமில வாயு எரிவதில்லை; வெடிபொருளும் அன்று. ஆயினும் ஆபத்தற்றதன்று. காற்றைவிடக் கனமான அது, தாழ்ந்த இடங்களில் தேங்கும். நிறமும் மணமும் இல்லாததால் கண்டறிதல் கடினம். சாதாரணக் காற்றில் அதன் அளவு 0.04 விழுக்காடு மட்டுமே. 4 விழுக்காட்டை எட்டினால் உயிருக்கு ஆபத்து.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்னும் சிற்றூருக்கு அருகே, 2020 பிப்ரவரி 22 அன்று, பெருமழையால் மண் சரிந்து ஒரு கரியமில வாயுக் குழாய் உடைந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையை நாடினர். உயிரிழப்பு நேரவில்லை. எனினும், ஆக்சிஜன் குறைந்ததால் வண்டி எந்திரங்களே நின்றுபோயின என்று செய்திகள் கூறின. குடியிருப்புகள் நெருங்கிய பெங்களூரில், பாதாளச் சாக்கடைகளும் வாகன நிறுத்த அடித்தளங்களும் நிறைந்த இடங்களில், கசிவுமானியும் எச்சரிக்கை ஒலியும் மக்களுக்கு முன்பயிற்சியும் இன்றி எந்தத் திரட்டு நிலையமும் அமைதல் கூடாது. மக்களிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லி ஒப்புதல் பெறுவதே நல்ல திட்டத்தின் அடையாளம்.

பணம் எங்கிருந்து வரும்?

2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய நிதிநிலை அறிக்கை, கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்திச் சேமிக்கும் பணிக்கு ஐந்தாண்டுகளில் 20,000 கோடி ரூபாய் அறிவித்தது. அதில் குறிப்பிடப்பட்டவை மின்சாரம், எஃகு, சிமென்ட், சுத்திகரிப்பு ஆலை, ரசாயனம் ஆகிய ஐந்து துறைகள். பெரிய ஆலைகளுக்கு அமையும் குழாய்வழியிலும் முனையத்திலும் சிறு ஆலைகள் உரிய கட்டணம் செலுத்தி இணையும் உரிமையும் இருக்குமாயின், இத்தொகையின் பயன் அவர்களையும் அடையும். அவ்வுரிமை தொடக்கத்திலேயே விதியில் எழுதப்பட வேண்டும். குழாய் போட்டு முடித்த பின்னர் அதன் அளவைப் பெருக்க இயலாது.

வெளியிலிருந்தும் அழுத்தம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் முதலியவை அதற்கு உட்பட்டவை. திருகு, போல்ட், நட்டு போன்ற எஃகுப் பொருள்களும் அதில் அடங்கும். ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இவற்றை இறக்குமதி செய்யும் ஐரோப்பிய நிறுவனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். அவை தமக்கு விற்பவரிடம் கணக்குக் கேட்கும். உள்நாட்டிலும், 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டத்தின்கீழ், சிமென்ட், அலுமினியம் போன்ற துறைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் வகுக்கப்பட்டன.

வைப்புத்தொகையாளருக்கும் இதில் பங்குண்டு. ரிசர்வ் வங்கி வகுத்த பசுமை வைப்பு நெறிமுறை 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வகை வைப்புகளில் சேரும் பணத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல், ஆற்றல் சிக்கனம், மாசுக் கட்டுப்பாடு முதலிய பணிகளுக்கே வங்கிகள் ஒதுக்க வேண்டும்.

சிறுதொழில் நடத்துவோர் இன்று செய்யத்தக்கவை

முதலாவது, அளத்தல். மாதந்தோறும் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு மின்சாரம் என்னும் பதிவேட்டை முறையாக வைத்திருத்தல் வேண்டும். வாங்குபவர் கேட்டாலும் வங்கி கேட்டாலும் இப்பதிவேடே சான்று.

இரண்டாவது, குறைத்தல். சாதாரணக் கொதிகலன் வைத்திருப்போருக்கு, வாயுவைப் பிடித்து அனுப்புவதைவிட, நீராவிக் கசிவை அடைத்தல், வீணாகும் வெப்பத்தை மீட்டல், மின்சாரத்துக்கு மாறுதல் ஆகியவை மலிவானவை. பிடித்தல் என்பது வேறு வழியில்லாத வாயுவுக்கே உரியது.

மூன்றாவது, தம் வாயுவின் தரத்தை அறிதல். புகைபோக்கியில் கரியமில வாயு பிற வாயுக்களுடன் கலந்து நீர்த்திருக்கும். பிரித்தெடுக்கச் செலவு மிகுதி. மதுபான ஆலை, எத்தனால் ஆலை, உயிரி எரிவாயு நிலையம் ஆகியவற்றில் அது ஏறத்தாழத் தூயதாகவே கிடைக்கும். எத்தனால் தயாரிப்பில், ஒரு டன் எத்தனாலுக்கு ஏறத்தாழ ஒரு டன் வாயு நொதித்தலின்போதே பிரிகிறது. மண்டியா போன்ற கரும்பு வட்டாரங்களில் திரட்டத் தொடங்குவது இதனால் எளிது. மேலும் அவ்வாயு, கரும்பு காற்றிலிருந்து முன்னரே எடுத்துக்கொண்டது. அதை நிலத்தடியில் வைத்தால் காற்றிலுள்ள அளவு உண்மையிலேயே குறையும்.

நான்காவது, சேர்தல். தொழிற்பேட்டைச் சங்கங்கள் தம் உறுப்பினரின் வாயு அளவைத் தொகுத்து ஒரே கணக்காக வைத்திருந்தால், திட்டம் வகுப்போரிடம் அது ஒரு வலுவான கோரிக்கையாக அமையும். 2.7 டன் உள்ள தனி ஆலையின் குரல் எவர் காதிலும் விழாது. நாளொன்றுக்கு 120 டன் உள்ள பேட்டையின் குரல், ஒரு ரயிலுக்குரிய சரக்கின் குரல்.

வாசகர் சிந்தனைக்கு

நம் ஆலை அல்லது நாம் பணிபுரியும் ஆலை, நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் டீசலை எரிக்கிறது? அதை 2.7 ஆல் பெருக்கினால் எத்தனை கிலோ வாயு கிடைக்கிறது? அதே பேட்டையில் அதற்கு நிகரான ஆலைகள் எத்தனை? அவை அனைத்தின் வாயுவும் ஒரு டேங்கரை எத்தனை நாளில் நிரப்பும்? பென்சிலும் தாளும் கொண்டு பத்து நிமிடத்தில் போடக்கூடிய இக்கணக்கை, அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லலாம்.